விரல் மடங்கட்டும்

கொட்டாஞ்சேனை, கொழும்பு
18.6.1967

அன்புள்ள மச்சாள் அஞ்சலாவுக்கு,

ஆண்டவர் காவலில் நான் சுகம். நீங்களும் என் குட்டி மருமகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று இன்றைய பூசையிலும் மன்றாடினேன். பிள்ளைக்குத் தலை நின்றுவிட்டதா?

பூசை முடிந்த கையோடு ஆசுப்பத்திரிக்குப் போய் அண்ணனைப் பார்த்தேன். நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். அண்ணன் நான் முகம் துடைக்கிற லேஞ்சியைப் பிடித்து இழுத்தார். ஓம், பிடித்துத்தான்.

கூரைவளை ஏற்றும்போது விழுந்த நாள் தொடக்கம் அந்த விரல்கள் அசையவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். இனியும் அசையாது என்றுதான் டொக்டர் சொல்கிறார். கழுத்துக்குள் அடிபட்ட இடம் அப்படி. ஆனால் மணிக்கட்டை மேலே தூக்கும் பலம் மிச்சம் இருக்கிறதாம். பயிற்சி கொடுக்கிற மிஸ் அதை வைத்து ஒரு வித்தை காட்டினா. கையைத் தொங்கவிட்டால் விரல்கள் விரிகின்றன. மணிக்கட்டைத் தூக்கினால் அவை தாமாகவே உள்ளே மடங்கி, பெருவிரல் வந்து பக்கத்து விரலில் முட்டுகிறது. அந்த இடுக்கில் எதை வைத்தாலும் நிற்கும். உங்கள் கையிலேயே செய்து பாருங்கள், விளங்கும். நான் பஸ்ஸில் வரும்போது செய்து பார்த்தேன். பக்கத்தில் இருந்த மனிசி எழும்பி வேறு இடத்தில் போய் இருந்துவிட்டா.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. விரல்கள் கொஞ்சம் இறுகி மடங்கி நின்றால்தான் பிடி கிடைக்கும். ஆகையால் அவற்றை ஒருவரும் இழுத்து நிமிர்த்தக் கூடாதாம். படுக்கும்போது விரல்களை மடக்கி ஒரு கையுறை போட்டுக் கட்டிவிடுகிறார்கள். அண்ணன், "நான் ஓடாவி மிஸ். வளைஞ்ச பலகையை நிமித்தித்தான் எனக்குப் பழக்கம்" என்றார். நான் மொழிபெயர்த்துச் சொல்ல மிஸ் சிரித்தா. விழுந்த பிறகு அண்ணன் விட்ட முதல் பகிடி அது.

என் விசயத்துக்கு அவசரமில்லை. அப்பா இல்லாத வீட்டில் அண்ணன்தான் அப்பாவின் இடத்தில் இருந்து பேச வேண்டும். அவர் வீடு வந்து சேராமல் நான் கலியாணத்துக்கு வெள்ளை உடுக்க மாட்டேன் என்று பற்றிக்கின் தாயாரிடம் சொல்லுங்கள்.

அன்பு மறவாத மச்சாள்,
பீற்றிஸ்


தாண்டவன்வெளி, மட்டக்களப்பு
2.7.1967

அன்பு மச்சாளுக்கு,

கடிதம் கிடைத்தது. மாதாவின் தயவால் இங்கே எல்லாரும் சுகம். உங்கள் மருமகளுக்குத் தலை நின்றுவிட்டது. வாய்தான் நிற்கிறதில்லை, மாமியைப் போல.

பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நானும் மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தேன். நீங்கள் சொன்னது உண்மைதான். இத்தனை வயதுக்கு என் கையில் இப்படி ஒரு சங்கதி இருப்பது எனக்குத் தெரியாது. பிறகு இருந்து அழுதேன். உங்களிடம் ஒளிக்க என்ன இருக்கிறது?

பற்றிக்கின் தாயார் செபஸ்தியம்மா மாமி வந்திருந்தா. அரசாங்கக் கச்சேரியில் பற்றிக்குக்கு வேலையே ஓடவில்லையாம், உங்களைப் பற்றித்தான் நினைப்பாம். "நோபேட் தம்பிக்குக் கை கால் எப்பிடிப் புள்ள?" என்று கேட்டா. "கை வருது மாமி, பிடிக்கத் துவங்கிட்டார்" என்றேன். சந்தோசம் என்று சொல்லி, இரண்டு முறை தேத்தண்ணி வாங்கிக் குடித்துவிட்டுப் போனா.

ஒன்று கேட்கிறேன், சிரிக்கக் கூடாது. அந்த விரல்கள் பகலிலும் மடங்கியபடிதான் இருக்குமா? ஆட்கள் வந்து பார்க்கும்போதும்?

கொழும்புத் தண்ணீரில் குளித்து, மூக்கடைத்துத் தடிமன் வாங்காதீர்கள்.

அன்புடன்,
அஞ்சலா


கொட்டாஞ்சேனை
24.9.1967

அன்புள்ள மச்சாளுக்கு,

நான் சுகம். தடிமனும் சுகமாக என்னோடு இருக்கிறது.

அண்ணனை வருகிற மாதம் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஆசுப்பத்திரி ஆள் ஒருவர் ஸ்டேசன் தொடக்கம் கோச்சியில் கூட வருவார். தள்ளிக்கொண்டு போகிற சில்லுக் கதிரையும் வருகிறது. வாசல் படியில் ஒரு பலகை போட்டு வையுங்கள்.

விரல்கள் பகலிலும் மடங்கித்தான் இருக்கும் மச்சாள், ஆட்கள் பார்க்கும்போதும்தான். அது என்ன கேள்வி? இப்போது பேக்கரிப் பாண் துண்டைத் தானே எடுத்துத் தானே கடிக்கிறார். ஊட்டப் போனால் வாயை மூடிக்கொள்கிறார். நேற்று ஒரு தாதி ஊட்டப் பார்த்து, கஞ்சி முழுக்கக் கழுத்தில் ஊற்றுண்டது. தானே எடுத்துச் சாப்பிட்டால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்குகிறது. இதை நன்றாக நினைவில் வைத்திருங்கள். ஊட்டினால் ஆள் மெலிந்துபோவார்.

எண்ணெய் போட்டுத் தோளைப் பிடியுங்கள், முழங்கையைப் பிடியுங்கள். விரல்களைத் தொடாதீர்கள். கையுறை பெட்டிக்குள் இருக்கும்.

எனக்கு மார்கழியில் நத்தாருக்கும் லீவு இல்லை என்கிறார்கள். என் முத்தங்களைப் பிள்ளைக்குக் கொடுங்கள்.

பீற்றிஸ்


தாண்டவன்வெளி
12.11.1967

அன்புள்ள மச்சாளுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். மூவர் என்று எழுதுவதே சந்தோசமாக இருக்கிறது. மழை பிடித்துவிட்டது. முற்றத்தில் தவளைகள் சத்தம்.

உங்கள் அண்ணன் வந்த நாள் தொடக்கம் ஊர் வந்து பார்க்கிறது. வந்தவர்கள் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு கையைப் பார்த்தார்கள், பிறகு கையை மட்டும் பார்த்தார்கள். செபஸ்தியம்மா மாமியும் வந்தா. தேத்தண்ணி ஊற்றி வைத்தேன். அவசரம் என்று குடியாமல் போய்விட்டா.

இப்போது ஒரு குறையும் இல்லை. விரல்கள் நல்ல நேராக, வடிவாக இருக்கின்றன. முழந்தாளில் விரித்து வைத்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நீங்கள் கண்டால் நம்பமாட்டீர்கள். சாப்பாட்டை நான் ஊட்டிவிடுகிறேன். எனக்கு அது ஒரு வேலையே இல்லை. கொஞ்சமாகத்தான் சாப்பிடுகிறார், மழைக்குப் பசி இல்லைபோலும்.

உங்கள் விசயத்தில் ஒரு தடங்கலும் வராது. அது என் பொறுப்பு.

அன்புடன்,
அஞ்சலா


கொட்டாஞ்சேனை
19.11.1967

மச்சாள்,

சுகம் விசாரிக்க நேரமில்லை. நேராக என்றால் என்ன? யார் நேராக்கியது? கையுறை எங்கே? அண்ணன் பிடிக்கிறாரா, இல்லையா? உடனே எழுதுங்கள்.

பீற்றிஸ்


கொட்டாஞ்சேனை
3.1.1968

அன்புள்ள அண்ணாவுக்கு,

புதுவருட வாழ்த்துகள். நான் சுகம். உங்கள் சுகத்தை அறியத்தான் இதை உங்கள் பெயருக்கே எழுதுகிறேன்.

மச்சாளிடமிருந்து ஒரு நத்தார் காட் வந்தது. மாட்டுத் தொழுவமும் வால்வெள்ளியும் நல்ல வடிவு. உள்ளே 'எல்லாரும் சுகம்' என்று மட்டும் இருக்கிறது. கையைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் எழுதிய கடிதங்களுக்கு மறுமொழியும் இல்லை. அவ இப்படி வாய் மூடி இருக்கிற ஆள் இல்லையே அண்ணா. எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன நடந்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் தங்கச்சி,
பீற்றிஸ்


தாண்டவன்வெளி
21.1.1968

அன்புள்ள தங்கச்சிக்கு அண்ணன் நோபேட் சொல்ல, அஞ்சலா எழுதுவது.

நான் சுகம். சுகம் என்று எழுதச் சொன்னால் எழுதுகிறவள் மூக்கை உறிஞ்சுகிறாள். அதை நீ பொருட்படுத்தாதே.

பிடி போய்விட்டது பீற்றிஸ். மணிக்கட்டைத் தூக்கினால் விரல்கள் ஈரத் துணிபோலத் தொங்குகின்றன. என் தச்சு ஆயுதப் பெட்டிக்குள் கிடந்த முதிரைப் பலகையில் இரண்டு துண்டு சீவி, அதில் விரல்களை நீட்டிவைத்துக் கட்டினோம். கட்டியவள் அஞ்சலா. கட்டச் சொன்னது நான்.

(பொய். முதல் நாள் அவரைக் கேளாமல் கட்டியது நான். அ.)

இடையில் கதைக்க வேண்டாம் என்று சொன்னேன், கேட்கிறாளில்லை. ஏன் கட்டினோம் என்பதை எழுத மாட்டேன் என்கிறாள். எழுது என்கிறேன்.

நீ கொழும்பில் இருந்து மறந்துபோயிருப்பாய். மடங்கின விரலைக் கண்டால் இங்கே சனத்துக்கு நினைவு வருவது ஒன்றுதான். வாவிக்கு நடுவில் மாந்தீவு, குஷ்டம் பிடித்த பெருவியாதிக்காரரைக் கொண்டுபோய் வைக்கிற ஆசுப்பத்திரி. நான் கூரையால் விழுந்தது சும்மா கதை, அந்த வியாதிக்குத்தான் கொழும்பில் மருந்து எடுத்தேன் என்று ஊர் பேசத் தொடங்கிவிட்டது. செபஸ்தியம்மா மாமி தேத்தண்ணி குடியாமல் போனாவே, அன்று பின்னேரமே ஆள் அனுப்பிக் கேட்டா, "உங்கட குடும்பத்தில முந்தி ஆருக்கும் அந்த வருத்தம் இருந்ததா?" என்று. அதற்குப் பிறகுதான் பலகை.

உன் கலியாணம் ஒன்றுதான் நான் செய்ய மிச்சமுள்ள வேலை. அதைவிட எனக்குப் பாண் துண்டு பெரிதில்லை. மிஸ்ஸிடம் ஒன்றும் சொல்லாதே. பாவம், அவ பட்ட பாடு வீணாய்ப் போனது எனக்கே வெட்கம்.

(பாண் துண்டு பெரிதில்லை என்கிறவர் எலும்பும் தோலுமாக இருக்கிறார். நான் ஊட்டும்போது கண்ணை மூடிக்கொண்டுதான் வாயைத் திறக்கிறார். நல்லதைச் செய்கிறேன் என்று நினைத்தேன் மச்சாள். அ.)

இத்துடன் நிறுத்துகிறேன். இவளுக்கு இனி எழுத முடியாது.

அண்ணன்


கொட்டாஞ்சேனை
30.1.1968

அன்புள்ள அண்ணாவுக்கும் மச்சாளுக்கும்,

நான் சுகமில்லை. உங்கள் கடிதத்தை ஒபிசில் வைத்து வாசித்துவிட்டேன். அன்று தட்டெழுத்தில் நான் அடித்ததை எல்லாம் திருப்பி அடிக்கச் சொன்னார்கள். முதலில் அழுதேன். பிறகு உங்கள் இரண்டு பேர் மேலும் சரியான கோபம் வந்தது. எனக்காக என்று நீங்கள் செய்ததை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

அண்ணா சொல்ல வேண்டாம் என்றதால் நேரே மிஸ்ஸிடம் போய்ச் சொன்னேன். அவ ஏசவில்லை. இழுபட்ட விரல்கள் மறுபடி இறுகக் கூடுமாம். கூடும் என்றுதான் சொன்னா, நிச்சயம் என்று சொல்லவில்லை. கையை அளந்து, மணிக்கட்டை நிமிர்த்தி விரல்களை மடக்கி வைத்திருக்க ஒரு அச்சுச் செய்து போட வேண்டும். அதைக் கிழமைக்குக் கிழமை பார்த்துத் திருத்த வேண்டும். அண்ணனால் இவ்வளவு தூரம் அடிக்கடி வர முடியாது. மட்டக்களப்பில் கைப்பயிற்சி தெரிந்த ஒரு சிஸ்டர் இருக்கிறாவாம். இந்தியாவில் படித்தவவாம். மிஸ் அவவுக்குக் கடிதம் எழுதிவிட்டா.

அந்த சிஸ்டர் இருக்கிற இடம் மாந்தீவு.

இதை எழுதும்போது என் கையும் நின்றதுதான். ஆனாலும் போங்கள். வியாதி தொற்றுமோ என்று கேட்டேன், மிஸ் சிரித்துவிட்டு, அங்கே வேலை செய்கிறவர்களுக்கு முதலில் தொற்றியிருக்க வேண்டுமே என்றா. கலியாணம் குழம்பும் என்றால் குழம்பட்டும். பற்றிக்குக்கு எல்லாவற்றையும் நானே எழுதிவிட்டேன், மாந்தீவுக்குப் போகப் போவதையும் சேர்த்து. அண்ணனின் சாப்பாட்டை விற்று எனக்குக் கலியாணம் வேண்டாம்.

உங்கள்,
பீற்றிஸ்


தாண்டவன்வெளி
17.3.1968

அன்பு மச்சாளுக்கு,

நாங்கள் சுகம். தாமதத்துக்குக் கோபிக்க வேண்டாம். உங்கள் கடிதம் வந்த பிறகும் எனக்குக் கால் எழவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று நாளைக் கடத்தினேன். இவர் கேட்கவும் இல்லை.

ஒரு நாள் உங்கள் மருமகள் தவழ்ந்து வந்து, தான் சப்பின பிஸ்கட் துண்டை இவர் கைக்குள் வைத்தாள். அது விழுந்தது. விளையாட்டு என்று நினைத்துச் சிரித்து மறுபடி வைத்தாள். மறுபடி விழுந்தது. இவரும் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை மச்சாள். பலகை இரண்டையும் அடுப்பில் வைத்து அன்றைக்குச் சோறு ஆக்கினேன்.

பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனோம். ஒளித்துப் போகவில்லை. கலியாணச் சேலையை உடுத்துக்கொண்டு, சில்லுக் கதிரையை நடுத் தெருவால் தள்ளிக்கொண்டு போனேன். ஊரில் எல்லாருக்கும் அன்றைக்குத்தான் வாவிக் கரையில் வேலை இருந்தது. இரண்டு பேர் இவரைத் தூக்கி வள்ளத்தில் வைத்தார்கள். "எவடத்துக்குக்கா போறீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். "மாந்தீவுக்கு. கை திருத்த" என்றேன்.

அங்கே ஒரு மனிசி எனக்குக் கதிரை கொண்டுவந்து வைத்தா. விரல்கள் தேய்ந்த கை. வைத்துவிட்டுத் தன் முந்தானையால் கதிரையை நன்றாகத் துடைத்தா. நான் பயப்படுவேன் என்று தெரிந்துதான் துடைத்தா. எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. "இருங்கக்கா, நானும் இருக்கிறன்" என்று பக்கத்தில் கூப்பிட்டு இருத்தினேன். அவவுக்குச் சொந்த ஊர் கல்லடியாம். பேச்சுக்கு ஆள் கிடைத்த சந்தோசத்தில், சிஸ்டர் வந்து கூப்பிடும்வரை விடவில்லை.

சிஸ்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. மாவுக்கட்டில் அச்சு எடுத்து, தோல் வார் பூட்டித் தந்தா. "இனி நீங்கள் ஒன்றும் செய்யக் கூடாது. விரல் மடங்கட்டும்" என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னா. பலகை கட்டியதை மிஸ் எழுதியிருப்பா. விரல்கள் உள்ளே வளைவதைப் பார்த்துக்கொண்டு சும்மா கையைக் கட்டி இருப்பதைப் போலக் கஷ்டமான வேலை எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

கிழமைக்குக் கிழமை போகிறோம். முட்டை வாங்க வந்தவர்கள் இப்போது வருவதில்லை. கோழிகளுக்கு அது விளங்கவில்லை, இட்டுக்கொண்டே இருக்கின்றன. நாங்களே தின்று கொழுக்கிறோம். செபஸ்தியம்மா மாமியிடமிருந்து ஒரு கதையும் இல்லை. பூசையில் கண்டேன், தலையாட்டினா. அவ்வளவுதான். மன்னித்துக்கொள்ளுங்கள்.

அஞ்சலா


கொட்டாஞ்சேனை
7.4.1968

அன்புள்ள மச்சாளுக்கு,

சுகம். மன்னிப்புக் கேட்டு இனி எழுதினால் கடிதத்தைத் திருப்பி அனுப்புவேன்.

பற்றிக் எழுதியிருக்கிறார். அவருக்கு ஒரு தயக்கமும் இல்லையாம், தாயார் என்ன சொன்னாலும் ஆவணியில் கோயிலில் கலியாண ஓலை வாசிக்கச் சாமியாரிடம் கேட்பாராம். தாயின் மனம் இல்லாமல் அந்த வீட்டுக்கு வர மாட்டேன் என்று மறுமொழி போட்டேன். வீராப்பாக எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு வந்து, தலையணையை நனைத்தேன். எனக்கு அவரைப் பிடிக்கும் மச்சாள். உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

பிடி வருகிறதா? வராவிட்டாலும் வரவில்லை என்று எழுதுங்கள். நேராக, வடிவாக என்று மட்டும் எழுதாதீர்கள்.

பீற்றிஸ்


தாண்டவன்வெளி
19.5.1968

அன்பு மச்சாளுக்கு,

எல்லாரும் சுகம், உங்கள் அண்ணனுக்குக் கன்னத்தில் சதை வைத்திருக்கிறது. மற்றப் புதினத்தை நடந்தபடிதான் சொல்வேன். கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்கிற ஆள் நீங்கள். இன்றைக்கு அப்படிச் செய்யக் கூடாது.

பிடி வந்திருக்கிறது. ஆசுப்பத்திரியில் இருந்த அளவுக்கு இல்லை என்று இவர் சொல்கிறார். பாண் துண்டு பிடிபடுகிறது, அவித்த முட்டை பிடிபடுகிறது. மெல்லிய பொருள் என்றால் வழுக்குகிறது. அச்சை இப்போது படுக்கும்போது மட்டும் போட்டால் போதுமாம்.

நேற்றுப் பின்னேரம் செபஸ்தியம்மா மாமி சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினா. பின்னால் பற்றிக். நான் கோழிக்கூட்டுக்குள் இருந்தேன், தலை முழுக்க இறகு. ஓடி வந்து பாய் விரித்தேன். சம்பந்தம் பேச வருகிறவர்களுக்கு வீட்டு ஆம்பிளை வெற்றிலை எடுத்துக் கொடுக்க வேண்டும், அது உங்களுக்குத் தெரியும். அவர்கள் வந்தது பேசவா முறிக்கவா என்பது எனக்குத் தெரியவில்லை. வெற்றிலை வட்டாவை எடுத்து வந்து, நானே நீட்டுவோம் என்று குனிந்தேன்.

"இஞ்ச தா" என்றார் உங்கள் அண்ணன்.

வட்டாவை அவர் மடியில் வைத்தேன். கையைத் தொங்கவிட்டார், விரல்கள் விரிந்தன. வெற்றிலைக்கு நேரே கொண்டுபோய் மணிக்கட்டைத் தூக்கினார். கழுவின வெற்றிலை, ஈரம். வழுக்கி நிலத்தில் விழுந்தது. பற்றிக் எடுத்துக் கொடுக்க எழும்பினார். மாமி மகனின் முழந்தாளில் கையை வைத்து, "இரு மனே" என்றா.

இவர் மறுபடி கையைத் தொங்கவிட்டார். எனக்கு என் கை ரெண்டும் துடித்தன மச்சாள். சேலைத் தலைப்புக்குள் ஒளித்து வைத்துக்கொண்டேன். இந்த முறை காம்பு அகப்பட்டது. அப்படியே தூக்கி மாமிக்கு நேரே நீட்டினார். மடங்கின விரல் எல்லாம் அவ முகத்துக்கு முன்னால்.

மாமி வாங்கவில்லை. கையைப் பார்த்தா.

"மாந்தீவுக்கு வள்ளத்தில போய் வாறியளாம்."

"ஓம் மாமி. இன்னும் போவன்."

"பெரியாசுப்பத்திரி டொக்டரிட்டயும் கேட்டன், பங்குச் சாமியாரிட்டயும் கேட்டன்" என்றா மாமி. "அந்த வருத்தத்தைப் பற்றி நான் கேட்ட கேள்வி பிழை எண்டு ரெண்டு பேரும் ஏசினாங்க. அதுதான் வந்தன்."

சொல்லிவிட்டு வெற்றிலையை வாங்கி, இடது உள்ளங்கையில் விரித்து வைத்தா. நான் பாக்குச் சீவலை எடுத்துப் போடலாம் என்று முன்னால் போனேன். மாமி என்னைத் தடுத்தா.

"பாக்கையும் உங்கட கையால வையுங்க தம்பி. நான் இருந்து வாங்கிறன்."

சீவல் சின்னது மச்சாள், அகப்படுகிற சாமானா? விழுந்தது, எடுத்தார், விழுந்தது. வெளியில் பொழுது பட்டுக்கொண்டு வந்தது. வெற்றிலை வைத்த கையை மாமி இறக்கவே இல்லை.

ஆவணிக்கு லீவு எழுதிப் போடுங்கள்.

அன்பு மச்சாள்,
அஞ்சலா